போர்ட்லாந்து நகராட்சிக் கட்டடமும் எங்க ஊருக்கு வரப்போற புது ஆபீசும், தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்களேன்

கும்மோணம்_கீழவீதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டெல்டாவுல ஒரு நகராட்சி ஆபீஸ்ல வரிப் பிரிவுல வேலை பாக்குறேன், கட்டடக்கலை எல்லாம் படிச்சவ இல்ல, அதனால கேள்வி தப்பா இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க ஆபீஸ் பழைய கட்டடம். ஐப்பசி பொறந்தா எங்களுக்குப் பயம் பொறந்துடும். சுவர் பூரா ஓதம், காரை பேந்து பேந்து விழும், மழைக்கு முன்னாடியே பழைய வரிப் பதிவேடு எல்லாத்தையும் யூரியா சாக்குல சுத்தி மேஜைக்கு மேல தூக்கி வெச்சிடுவோம். போன கார்த்திகைல ஒரு பாட்டி வந்தாங்க, அவங்க வீட்டுக்கு அந்தக் காலத்துல யார் பேர்ல வரி கட்டினாங்கன்னு ஒரு நகல் வேணும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாம். பதிவேட்டை எடுத்துப் பிரிச்சா பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, மெதுவா ஊதி ஊதிப் பிரிச்சேன், அந்த வரி மட்டும் நீல மை கரைஞ்சு ஒரு மேகம் மாதிரி பரவிக் கெடக்கு. கதவு எண் தெரியுது, தொகை தெரியுது, பேர் இல்ல. பாட்டி என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. அது இன்னும் மனசுல இருக்கு.

இப்ப புதுக் கட்டடம் வருது. படம் வரைஞ்சு ஹால்ல மாட்டியிருக்காங்க. முன்பக்கம் பூரா நீலக் கண்ணாடி, நடுவுல கோபுரம் மாதிரி படிப்படியா ஒரு எடுப்பு, ரெண்டு பக்கமும் ஃபைபர்ல யாளித் தூண். பாத்தவங்க எல்லாம் எலிவேஷன் சூப்பர்ங்கறாங்க. ஊழியர்கள் கருத்தை எழுதிக் குடுங்கன்னு பத்து நாள் டைம் குடுத்துருக்காங்க.

என் பொண்ணு பி.ஆர்க் முதல் வருஷம் படிக்கிறா. அவ இந்தப் படத்தைப் பாத்துட்டு, அம்மா இதோட தாத்தா ஒண்ணு அமெரிக்காவுல போர்ட்லாந்துங்கற ஊர்ல இருக்குன்னு, போர்ட்லாந்து பில்டிங்னு ஒரு படத்தைக் காட்டினா. 15 மாடி, சதுரமா ஒரு பெட்டி, வெளிர் மஞ்சள் சுவர்ல சின்னச் சின்ன ஜன்னல், நடுவுல செங்கல் நிறத்துல ரெண்டு பெரிய தூண் மாதிரி, அடியில பச்சையும் நீலமும் கலந்த டைல்ஸ். மொதல்ல பாத்தப்ப ரிப்பன் கட்டின பரிசுப் பெட்டின்னுதான் தோணுச்சு. உள்ள வேலை பாத்தவங்களுக்கு வெளிச்சமே இல்லையாம், மழைக்கு ஒழுகுமாம். ஆனா அதையே 2011ல பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல சேத்துட்டாங்களாம், அப்புறம் கிட்டத்தட்ட 195 மில்லியன் டாலர் செலவு பண்ணி சரி பண்ணாங்களாம். எங்களை மாதிரியே ஒரு நகராட்சி ஆபீஸ், எங்களை மாதிரியே ஒழுகற ஆபீஸ், அதை ஏன் உலகமே பேசுது? அது என்னத்த விட்டுட்டுப் போச்சு? எங்க படத்துல இருக்கற யாளியும் அந்தத் தூணும் ஒரே ஜாதியா வேற வேறயா? கருத்து எழுதறப்ப வெறும் நல்லாருக்கு நல்லால்லன்னு எழுத எனக்கு இஷ்டமில்ல, அதான் கேக்குறேன்.

மேலவீதி_வரைபடம் (தஞ்சாவூர்) பதில்:

அக்கா வணக்கம், நான் ஆர்க்கிடெக்ட், தஞ்சாவூர்லதான் பிராக்டிஸ். உங்க பொண்ணு சரியாத்தான் பிடிச்சிருக்கா.

மொதல்ல அந்தக் காலத்தை நெனச்சுப் பாருங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஒரு 30 வருஷம் பெரிய ஊர் எல்லாத்துலயும் ஒரே மாதிரி கண்ணாடிப் பெட்டி, காங்கிரீட் பெட்டி. அலங்காரம்னாலே தப்பு, பழசை ஞாபகப்படுத்தினாலே பிற்போக்குன்னு ஒரு கட்டுப்பாடு. பேங்கா ஆஸ்பத்திரியா நகராட்சியான்னு வெளியிலேருந்து பாத்தா தெரியாது. அதை எதிர்த்து வந்த போக்கைத்தான் பின்நவீனத்துவம்ங்கறாங்க. அவங்க சொன்னது, கட்டடத்துக்கு முகம் வேணும், தூணு, வளைவு, நிறம், மாலை இதெல்லாம் ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாஷை, அதுல பேசினாத்தான் ஜனங்க கேப்பாங்கன்னு. இதை எழுதினவங்க, வீடு அளவுல செஞ்சு பாத்தவங்க நெறைய பேர். ஆனா ஒரு அரசாங்கமே தன் ஆபீசுக்கு, அவ்வளவு பெரிய அளவுல அதைத் தைரியமா எடுத்துக்கிட்டது போர்ட்லாந்துலதான். 1982ல தொறந்தாங்க. வரைஞ்சவர் மைக்கேல் கிரேவ்ஸ், பிரின்ஸ்டன்ல வாத்தியார், அதுக்கு முன்னாடி பெரிய கட்டடம்னு ஒண்ணு கட்டினது கெடையாது. போட்டி வெச்சு எடுத்தாங்க, கடைசிச் சுற்றுல இருந்ததுல இவரோடதுதான் செலவு கம்மி. அந்தத் தேர்வுக்கு ஆலோசனை சொன்னவர் ஃபிலிப் ஜான்சன், கண்ணாடிக் கட்டடக் காலத்துல பெரிய ஆளா இருந்தவரு, அவரே இந்தப் பக்கம் சாஞ்சதுனால அந்தத் துறையே ஆடிப்போச்சு. உள்ளூர்லயே பெரியவரு பியட்ரோ பெலுஸ்கி இது நம்ம ஊருக்கு ஆகாதுன்னு கடுமையா எதிர்த்தாரு.

இடத்தையும் சேத்துப் பாக்கணும். ஒரு பக்கம் 1895ல கட்டின பழைய நகர மன்றம், இன்னொரு பக்கம் அப்ப கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கோர்ட்டா இருந்த கட்டடம், நடுவுல இது. போர்ட்லாந்துல ஒவ்வொரு பிளாக்கும் 200க்கு 200 அடிதான், அதை முழுசா அடைச்சு நிக்குது. பழைய கல் கட்டடங்களுக்கு நடுவுல ஒரு கண்ணாடி டப்பாவை வெக்காம, அடி, உடம்பு, தலைன்னு மூணு பாகமாப் பிரிச்சு, கோயில்ல அதிஷ்டானம், பித்தி, பிரஸ்தரம்னு சொல்ற மாதிரி, ஒரு மனுஷ உருவத்தைக் குடுக்கப் பாத்தாரு. அந்த எண்ணம் இன்னைக்கும் எனக்குப் பெருசாத்தான் படுது. இதுக்கப்புறம்தான் உலகம் பூரா பேங்கு, ஹோட்டல், லைப்ரரின்னு எல்லாத்துலயும் தூணும் வளைவும் நிறமும் திரும்பி வந்துச்சு, நல்லதும் வந்துச்சு கெட்டதும் வந்துச்சு. அந்த மாதிரி ஒரு கதவைத் தொறந்து விட்டதுனாலதான் 50 வருஷம்கூட ஆகாம, 29 வயசுலயே அதைப் பட்டியல்ல ஏத்தினாங்க. அங்க பொதுவா 50 வருஷம் ஆகணும்.

இப்ப யாளிக்கு வரேன். பழசை ஞாபகப்படுத்தறது தப்புன்னு சொல்ற கட்சி நான் இல்ல அக்கா. நம்ம பக்கத்துலயே பாருங்க, பூம்புகார்ல சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல எழுநிலை மாடமா எழுப்பினாங்க, அதுக்கப்புறம் 1976ல சென்னையில வள்ளுவர் கோட்டம், அதுல நிக்கற கல் தேர் நம்ம திருவாரூர்த் தேரைப் பாத்துச் செஞ்சதுதான். ரெண்டுமே பழைய உருவத்தைப் புதுக் காலத்துல எடுத்துச் சொன்னது, ரெண்டுமே போர்ட்லாந்துக்கு முன்னாடி. யாரும் அமெரிக்காவுல பாத்துட்டு வந்து செய்யல. நம்மகிட்ட அந்த நூல் அறுபடவே இல்ல. அதனாலதான் அந்தப் பாஷை அவங்களுக்குப் புரட்சியாத் தெரிஞ்சுது, நமக்குப் பழக்கமாத் தெரியுது. பழக்கமாப் போனதுனாலயே நாம யோசிக்காம ஃபைபர்ல ஒட்டிட்டுப் போயிடறோம், அதுதான் என் வருத்தம்.

ரிட்டயர்டு_ஓவர்சியர் (திருவாரூர்) பதில்:

தங்கச்சி, தம்பி மேலவீதி முகத்தைப் பத்திச் சொல்லிட்டாரு, நான் தண்ணியப் பத்திச் சொல்றேன், 34 வருஷம் ஒழுகற கட்டடத்தோடயே குடும்பம் நடத்தினவன்.

அந்த போர்ட்லாந்துக் கட்டடத்துல வெளிச் சுவர் என்ன தெரியுமா, காங்கிரீட். அது மேல பெயின்ட். அவ்வளவுதான். செங்கல் நிறத்துல தெரியற அந்தப் பெரிய தூண் தூணே இல்ல, சுவர்லயே நிறத்தால காட்டினது. பக்கவாட்டுல மாலை மாதிரி ரிப்பன் தொங்கும் பாருங்க, அது மொதல்ல காத்துல பறக்கற மாதிரி எடுப்பா வரணும்னு வரைஞ்சது, காசு பத்தாம தட்டையாக்கிட்டாங்க. கூரைக்கு மேல சின்னச் சின்ன மண்டபம் மாதிரி வரைஞ்சிருந்தாரு, அதுவும் போச்சு. ஜன்னல் 4 அடிக்கு 4 அடி, சுவரோட சுவரா, மேல ஒரு சன்ஷேடு கெடையாது, கறுப்புக் கண்ணாடி. எண்ணெய் விலை ஏறின காலம், சின்ன ஜன்னல்னா ஏசிக்கு ஹீட்டருக்கு கரண்ட் கம்மின்னு கணக்கு போட்டாங்க. கணக்கு சரியா இருக்கலாம், உள்ள உக்காந்தவன் கண்ணு?

போர்ட்லாந்து மழை ஊரு. நம்ம மாதிரி ரெண்டு மாசம் கொட்டிட்டுப் போற மழை இல்ல, குளிர்காலம் பூரா நசநசன்னு. காங்கிரீட்ல மயிரிழை விரிசல் விழுறதை யாராலயும் தடுக்க முடியாது. தண்ணி சுவர் மேல வழிஞ்சு வரும், வழியில தடுத்துத் தள்ளி விட ஒண்ணுமே இல்லேன்னா நேரா ஜன்னல் சட்டத்துல வந்து நிக்கும், நின்ன தண்ணி உள்ள போக வழி தேடும். பெயின்ட் எத்தனை கோட்டு அடிச்சாலும் இதுக்கு மருந்தில்ல. இதை நான் எத்தனையோ எஸ்டிமேட்ல எழுதி எழுதித் திருப்பி வாங்கியிருக்கேன். ஒழுகுதா, வாட்டர் புரூஃப் பெயின்ட் அடின்னு பாஸ் பண்ணுவாங்க, சன்ஷேடு போடுன்னா அது புது வேலை, தனி நிதின்னு நிறுத்திடுவாங்க.

2014ல அவங்க ரிப்பேர்க் கணக்குப் பாத்தப்பவே 95 மில்லியன் டாலர் வந்துச்சு, அந்த ஊர் கமிஷனர்கள்லயே (நம்ம கவுன்சிலர் மாதிரி) சில பேரு இடிச்சுத் தள்ளுங்கன்னாங்க. கிரேவ்ஸ் அப்ப சக்கர நாற்காலியில இருந்தாரு, அந்த நெலமையில போர்ட்லாந்துக்கு நேர்ல போயி இடிக்காதீங்கன்னு பேசினாரு. அடுத்த வருஷம் 2015ல இறந்துட்டாரு. அப்புறம் 2017ல ஆரம்பிச்சு 2020க்குள்ள வேலைய முடிச்சாங்க. என்ன பண்ணாங்கன்னா, பழைய காங்கிரீட் சுவருக்கு வெளிய அலுமினியப் பலகைல ஒரு ரெண்டாவது தோலு போட்டு, நடுவுல இடைவெளி விட்டு, மீறி உள்ள வர்ற தண்ணி அந்த இடைவெளியிலயே எறங்கி வெளிய போற மாதிரி. கறுப்புக் கண்ணாடிய எடுத்துட்டுத் தெளிவான கண்ணாடி. நிலநடுக்கத்துக்கும் வலு ஏத்தினாங்க. அந்த இடைவெளி விஷயத்தைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பா வீட்டு நாட்டு ஓட்டுக் கூரைதான் ஞாபகம் வந்துச்சு. மேல் ஓட்டுல தப்பின தண்ணி கீழ் ஓட்டுல ஓடி எறவாணத்துல சொட்டும், உள்ள ஒரு சொட்டு வராது. அதே புத்திதான்.

பாரம்பரிய ஆர்வலர்களுக்கு அதுல கோபம், காங்கிரீட்டை மூடினா அது அசலே இல்லன்னு. எனக்கு அந்தக் கோபம் புரியுது. ஆனா பெயின்ட் அடிச்ச காங்கிரீட்டை அப்படியே வெச்சு ஒழுகாம பண்ணவும் முடியாது. உருவத்தைக் காப்பாத்த பொருளை விட்டுக் குடுத்தாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பழைய ஸ்தபதிங்க வேலைக்கு ஒப்புக்கறப்ப, எதை வேணும்னாலும் செஞ்சு தரேன், ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் மாதிரி மட்டும் கேக்காதீங்கன்னு சொல்லுவாங்களாம், அவ்வளவு கஷ்டமான வேலை. சின்ன வயசுலேருந்து கேட்ட பேச்சு. வேலையில சேந்து பத்து வருஷம் கழிச்சுதான் எனக்கு உறைச்சுது, கொடுங்கைங்கறது என்ன? மழைத்தண்ணியச் சுவத்துல படாம வீசி எறியற எறவாணம். பலகணிங்கறது என்ன? வெளிச்சமும் காத்தும் வர்ற ஜன்னல். நம்மாளு தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடின அலங்காரம் ரெண்டுமே தண்ணிக்கும் வெளிச்சத்துக்கும் வேலை செய்யற சாமான். போர்ட்லாந்துல சறுக்கின எடமும் சரியா அந்த ரெண்டுதான்.

உங்க யாளி எதைத் தாங்குதுன்னு என்ஜினியரைக் கேளுங்க தங்கச்சி.

மேலவீதி_வரைபடம் பதில்:

ஓவர்சியர் ஐயா, கொடுங்கையில இன்னொண்ணும் இருக்கு, நீங்க சொன்னதோட சேத்துச் சொல்லிடறேன். ஆவுடையார்கோயில் கொடுங்கை அடியில நின்னு அண்ணாந்து பாத்தா, மரக் கை, குறுக்குச் சட்டம், ஆணி வரைக்கும் கல்லுலயே செதுக்கியிருப்பான். கல்லு மரத்தை நடிக்குது. அதுக்காக அதைப் போலின்னு யாராவது சொல்லியிருக்கோமா? அக்கா கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில், ஒண்ணு இன்னொண்ணை நடிக்கறதுல தப்பில்ல, நடிச்சுக்கிட்டே வேலையும் செய்யணும்.

தட்டுவேலை (தஞ்சாவூர்) பதில்:

அக்கா, எனக்குக் கட்டடம் தெரியாது. ஆனா அந்த போர்ட்லாந்துக் கட்டட வாசல்ல மேல ஒரு சிலை இருக்கே, அதைப் பத்தி யாரும் பேசலையேன்னுதான் வந்தேன். எங்க குடும்பம் தஞ்சாவூர்த் தட்டு செய்யற குடும்பம்.

போர்ட்லாந்தியான்னு பேரு. 1985ல வெச்சாங்க, ரேமண்ட் காஸ்கின்னு ஒரு சிற்பி. ஒரு பொம்பள ஒரு காலை மடிச்சுக் குனிஞ்சு ஒரு கையில சூலம் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய ரோட்டுல போறவங்களைப் பாத்து நீட்டிக்கிட்டு இருப்பா. அந்த ஊர் நகராட்சி முத்திரையில இருக்கற பொம்பள உருவம்தான் அது. குனிஞ்ச நெலையிலயே கிட்டத்தட்ட 35 அடி. வார்ப்பு இல்லக்கா, செப்புத் தகட்டை அடிச்சு அடிச்சு எழுப்பினது. இந்த முறையில செஞ்ச சிலையில சுதந்திர தேவிக்கு அடுத்தபடி அமெரிக்காவுல இதுதான் பெருசு. அதை வில்லமெட் ஆத்துல ஒரு படகுல ஏத்திக் கொண்டு வந்தப்ப ஊரே கரையில நின்னு பாத்துச்சாம். நம்ம ஊர்ல தேர் வர்றப்ப நிக்கற மாதிரி நின்னுருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

சுவாமிமலைல மெழுகுல உருவம் பண்ணி வார்ப்பாங்க, உலோகத்தை உருக்கி ஊத்தறது. எங்க வேலை வேற. தகட்டை அச்சு மேல வெச்சு தட்டி உருவம் வாங்கணும், அப்புறம் பின்பக்கம் அரக்கை நெரப்பி முன்பக்கத்துலேருந்து சின்ன உளியால மூக்கு, முழி, நகை எல்லாம் எடுக்கணும். அரக்கு ரொம்ப எறுகினா தகடு கிழியும், எளகினா உளி போட்ட எடம் குழியும், அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். எங்க தாத்தா அரக்கைக் கட்டைவிரலால அழுத்திப் பாத்துட்டு, நகம் பதியணும் ரேகை பதியக் கூடாதுன்னு சொல்வாரு. ஒரு முழத் தட்டுல சாமி மூஞ்சி கோணாம எடுக்கறதுக்கே எங்களுக்கு மூச்சு முட்டும். 35 அடில மூஞ்சி எடுத்தவன் கைய நான் கும்பிடறேன்.

அந்தச் சுவர் பெயின்ட்டு வெளுத்துப் போயி ஒழுகின காலத்துலயும் அந்தச் செம்பு மட்டும் தன் பாட்டுக்கு நின்னுச்சு. கட்டடத்துக்குப் புதுத் தோல் போட்டப்ப சிலைய எறக்கக்கூட இல்ல, அங்கயே வெச்சு மூடிக்கட்டிப் பாதுகாத்தாங்க. ஏன்னா அது கையால செஞ்சது, தன் பொருளாலயே நிக்குது. ஒரு கொறை மட்டும் உண்டு, படம் போடற உரிமைய சிற்பி தன்கிட்டயே வெச்சுக்கிட்டாரு, அதனால போஸ்ட் கார்டு, பனியன்னு எதுலயும் அந்தச் சிலை பரவல, அவ்வளவு பெரிய சிலைய ஊருக்கு வெளிய நெறைய பேருக்குத் தெரியாது.

உங்க புது ஆபீசுக்கு ஃபைபர் யாளிக்கு ஒரு தொகை ஒதுக்கியிருப்பாங்கல்ல, அந்தக் காசுல வாசலுக்கு மேல ஒரே ஒரு செப்புத் தகட்டு வேலை, உங்க ஊர் முத்திரையோ ஆத்து மதகோ என்னவோ, நம்ம மாவட்டத்து ஆளுங்க கையால செஞ்சு வெக்கச் சொல்லி எழுதுங்கக்கா. சாயம் போகாது. எங்களுக்கும் வேலை.

கூறைநாடு_பேருந்து பதில்:

எல்லாரும் அழகா எழுதறீங்க, ஆனா நான் கொஞ்சம் மாறுபடறேன். சாதாரண ஜனத்துக்கு நகராட்சி ஆபீஸ்னா முகமும் இல்ல சிலையும் இல்ல, கவுன்டருதான். பொறப்புச் சான்று வாங்க வெயில்ல கைக்குழந்தையோட நின்ன ஆளு நான், பக்கத்துல ஒரு பெரியவரு செருப்பைக் கழட்டி அது மேலயே உக்காந்துட்டாரு, நிக்க முடியல அவரால. நெழல் இல்ல, பெஞ்சு இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. அந்த ஆபீசுக்கும் முன்னாடி வளைவு எல்லாம் இருந்துச்சு. அந்த போர்ட்லாந்துக் கட்டடத்துக்கு அத்தனை மில்லியன் கொட்டினதுக்கு பதிலா இடிச்சுட்டு வெளிச்சமா ஒண்ணு கட்டியிருந்தா அங்க வர்ற ஜனத்துக்கு நல்லதுன்னுதான் நான் சொல்வேன். பேர் வாங்கினது ஆர்க்கிடெக்ட், கண்ணு கெட்டது கிளார்க்கு.

மேலவீதி_வரைபடம் பதில்:

கூறைநாடு அண்ணே, நீங்க சொன்னதுல கவுன்டர் விஷயம் நூத்துக்கு நூறு. இடிக்கறதுல மட்டும் எனக்குச் சம்மதமில்ல. இடிச்சுட்டுப் புதுசு கட்டினாலும் செலவு அதுக்குக் கொறஞ்சு வராது, 15 மாடி காங்கிரீட்டை ஒடச்சு எங்க கொட்டறது? அதைவிட, ஒரு ஊரு தைரியமா ஒண்ணைச் செஞ்சு பாத்து, அதுல தப்பு எதுன்னு கண்டுபிடிச்சு, திருத்தி வெச்சுக்கிட்டு இருக்குன்னா அது அடுத்தவங்களுக்கும் ஒரு பாடசாலை. தஞ்சாவூர் அரண்மனைய எடுத்துக்குங்க, நாயக்கர் கட்டினது, மராட்டியர் வந்தாங்க, இடிச்சுத் தள்ளாம தங்களுக்கு வேணுங்கறதைச் சேத்துக்கிட்டாங்க, இன்னைக்கு சரஸ்வதி மஹால் சுவடியெல்லாம் அந்த வளாகத்துலதான் இருக்கு.

கும்மோணம்_கீழவீதி பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஓவர்சியர் அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு ஞாயித்துக்கெழமை பொண்ணையும் கூட்டிக்கிட்டு திருவலஞ்சுழி போனேன். இத்தனை வருஷம் சுவாமிமலைக்குப் போற வழியில வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு வந்துடுவேன், பலகணிய ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. ஒரே கல்லு, அதுல சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா, எதுலயும் பிசிறு இல்ல. நாங்க போனப்ப காலை வெயிலு, அந்தக் கல்லு வழியா வந்து தரையில கோலப் புள்ளி மாதிரி விழுந்துருந்துச்சு. பொண்ணு தன் கைய நடுவுல நீட்டி, புள்ளி எல்லாம் கையில ஏறறதைப் பாத்துக்கிட்டே நின்னா. உள்ள கண்ணு கூசல, இருட்டாவும் இல்ல. நீலக் கண்ணாடியப் பத்தி அவகிட்ட நான் ஒண்ணுமே சொல்லத் தேவைப்படல.

கருத்தை எழுதிட்டேன். யாளி வேண்டாம்னு எழுதல. யாளி நிக்கட்டும், ஆனா ஃபைபர்ல சுவத்துல ஒட்டாம, வாசலுக்கு முன்னாடி ஒரு தாழ்வாரம் போட்டு அந்தக் கூரையத் தாங்கற தூணா நிக்கட்டும், தாழ்வாரத்துல வரி கட்ட வர்றவங்க உக்கார திண்ணை வரட்டும்னு எழுதியிருக்கேன், அது கூறைநாடு அண்ணனுக்காக. கண்ணாடிய முன்பக்கம் கொறச்சுட்டு ஜன்னல் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை அடி சன்ஷேடு. வாசல் மேல செப்புத் தகட்டு வேலை. பதிவேட்டு ரூம் மாடியில, மேல தண்ணித் தொட்டியோ பக்கத்துல பாத்ரூமோ இல்லாம. என்ஜினியர் படிச்சுப் பாத்துட்டு யாளித் தூண் விஷயம் நல்லாருக்கேம்மா, எஸ்டிமேட்டுல பாக்குறேன்னாரு. பாட்டியோட பேர் அழிஞ்ச பக்கத்தையும் செராக்ஸ் எடுத்துக் கருத்தோட சேத்து வெச்சிருக்கேன்.

ரிட்டயர்டு_ஓவர்சியர் பதில்:

நல்லா எழுதியிருக்கே தங்கச்சி. சன்ஷேடுக்கு அடியில ஓரத்துலேருந்து ரெண்டு இஞ்ச் உள்ள தள்ளி, நீளம் பூரா அரை இஞ்ச் ஆழத்துக்கு ஒரு காடி எடுக்கச் சொல்லு, அது இல்லேன்னா தண்ணி சன்ஷேட்டோட அடிப்பக்கமா ஒட்டிக்கிட்டே நடந்து வந்து சுவத்துல எறங்கிடும். சென்ட்ரிங் அடிக்கறப்பவே ஒரு ரீப்பர் (மெல்லிசு மரச் சட்டம்) வெச்சா முடிஞ்சுது, அப்புறம் கொத்தி எடுக்க முடியாது.

பதிவேட்டு ரூம் மாடியில எந்த மூலைல வருது?

கும்மோணம்_கீழவீதி பதில்:

ஈசான மூலை அண்ணே. வடகெழக்கு நல்லதுன்னு போட்டுருக்காங்க.

ரிட்டயர்டு_ஓவர்சியர் பதில்:

ஐயையோ, ஐப்பசி கார்த்திகைல வாடை சாத்தறதே அந்த மூலையிலதான். கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் வடக்கு கெழக்குச் சுவர் எல்லாம் எப்படி ஊறிக் கெடந்துச்சுன்னு நான் பாத்தவன். ஈசானத்துல மக்கள் உக்கார்ற கூடத்தை வெக்கச் சொல்லு, சாமி படமும் மாட்டிக்கட்டும். பதிவேட்டைத் தென்மேற்குக்கு மாத்து. மேலத்து வெயில் அடிக்கும், அதுக்கு ரேக்கை சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டா போதும், காத்தும் ஓடும். கடைசித் தேதி என்னைக்கு?

கும்மோணம்_கீழவீதி பதில்:

நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. காலைல போனதும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துடறேன் அண்ணே.